பாய் காய்ந்ததற்கு ஒரு ஸ்தோத்திரம்

என் அம்மாவுக்கு எதையும் பொத்தாம்பொதுவாகச் சொல்லத் தெரியாது. கிடைத்தது என்ன, யார் கையால் கிடைத்தது, கொடுக்கும்போது அவர்கள் முகம் எப்படி இருந்தது என்பது வரைக்கும் சொன்னால்தான் அவளுக்கு நன்றி சொன்ன மாதிரி. அந்தப் பழக்கத்தால் நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சம் அல்ல.

ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்த் தண்ணீரில் விளையும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. ஊர் முழுக்க விவசாயக் குடும்பங்கள். ஐயனார் கோயிலும் பிள்ளையார் கோயிலும் ஊருக்குப் பொது. கிழக்குக் கடைசியில் நாங்கள் சில குடும்பங்கள் மட்டும் கிறிஸ்தவர்கள். ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கோயில் எங்களுக்கு இருந்தது. பெஞ்சு கிடையாது, கோரைப்பாய்தான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அய்யா, அதாவது என் அப்பா, மட்டும் எந்தப் பக்கமும் கிடையாது, வெளியே வேப்பமரத்தடியில் பீடியோடு உட்கார்ந்திருப்பார். கேட்டால், எனக்கும் சேத்துத்தான் உங்கம்மா உள்ள இருக்காளே என்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி சொல்லச் சொல்வார்கள். அந்த வாரம் கடவுள் செய்த நன்மைக்கு எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள், காத்துவந்த கர்த்தருக்கு எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுச் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அம்மாவுக்கு அது பிடிக்காது. வீட்டுக்கு வந்து உலைவைத்துக்கொண்டே முணுமுணுப்பாள்.

"எல்லாத்துக்கும்னா எதுக்கு? பேரச் சொல்லாம எல்லாருக்கும் வணக்கம்னு பொதுவா கும்புட்டுட்டுப் போற மாதிரில்ல இருக்கு?"

அவள் எழுந்தால் அந்த வாரமே எழுந்து நிற்கும். "கர்த்தாவே, செவ்வாக்கெழம நாத்துப் பறிக்கையில கால்ல முள்ளு ஏறுச்சு. மேலத்தெரு அக்கா ஊக்க வச்சு எடுத்து விட்டாக. அவுகளத் தந்தீரே, ஸ்தோத்திரம். எம்மக தலையில பேன் கொறஞ்சுருக்கு, ஸ்தோத்திரம். வயித்துல பூச்சி விழுந்துருச்சு, ஸ்தோத்திரம்." எனக்குக் காது மடல் எரியும். பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டே தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பேன். நான் உட்காரும் இடத்தில் பாய் எப்போதும் குதறிப்போய்க் கிடக்கும்.

பெரிய வீட்டு அம்மா ஒருமுறை எனக்கு ஒரு பாவாடை கொடுத்தார். பெரிய வீடு என்பது அம்மா வேலைக்குப் போகிற நிலத்துக்காரர் வீடு. அவர்கள் மகளும் நானும் ஒரே வகுப்பு. அவளுக்குக் குட்டையாகிப் போன பாவாடை. பச்சை, கீழே சரிகைக்கரை. அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனபோது, எனக்குப் பாவாடை இருக்கிறதென்று தெரிந்தால் போதும், அது எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அம்மா எழுந்தாள். கொடுத்தது யார், மடித்து மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தது, கொடுக்கும்போது, உங்க பிள்ளைக்கு நல்லாருக்கும் என்று அவர் சொன்னது எல்லாம் சொன்னாள். பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பி என் இடுப்புக்குக் கீழே பார்த்தது. அந்தப் பாவாடையை அதற்கப்புறம் நான் போடவே இல்லை. எலி கடித்துவிட்டது என்று பொய் சொன்னேன். அம்மா அதைக் கிழித்துத் தலையணை உறையாகத் தைத்து, உறைக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னாள்.

இதெல்லாம் கோயில் சுவருக்குள் நடந்தது. வெளியே போனது அறுப்புப் பண்டிகை அன்று.

அறுவடை முடிந்து வரும் அந்தப் பண்டிகைதான் எங்களுக்குக் கிறிஸ்துமஸைவிடப் பெரியது. முதல் நெற்கதிர், பூசணிக்காய், முட்டை, காலைக் கட்டிய கோழி என்று அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்து அவற்றை ஏலம் விடுவார்கள். அப்புறம் எல்லாருக்கும் சாப்பாடு, அசனம். அந்த ஒரு நாள் மட்டும் டவுனிலிருந்து மைக்செட் வரும். வேப்பமரத்து உச்சியில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டுவார்கள். ஊரும் கேட்கட்டும் என்று அதன் வாயை மேற்கே பார்த்துத் திருப்பி வைப்பார்கள். மேற்கேதான் பெரிய வீடு, பள்ளிக்கூடம், கடைத்தெரு எல்லாம்.

எனக்கு அப்போது பதினோரு வயது இருக்கும். அந்த வயது வரைக்கும் நான் இரவில் பாயை நனைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. விடிவதற்கு முன் அம்மா எழுந்து, என்னைக் காய்ந்த இடத்துக்குத் தள்ளிப் படுக்கவைத்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போவாள். பொழுது விடியும்போது பாய் வேலியில் காய்ந்துகொண்டிருக்கும். யாராவது கேட்டால் மூட்டைப்பூச்சி என்பாள். அந்த வருடம் எப்படியோ அது நின்றுபோனது.

பண்டிகை அன்று சாட்சி நேரத்தில் போதகர் மைக்கை அம்மா கையில் கொடுத்தார். அதற்குமுன் அவள் மைக்கைத் தொட்டதில்லை. கோழியைக் கழுத்தோடு பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாற்று, மழை, ஆட்டுக்குட்டி எல்லாம் சொன்னாள். அப்புறம் சொன்னாள்.

"எம்மக ராத்திரியில பாய நனைக்கிற கொறைய மாத்துனீரே, கர்த்தாவே. இந்த ஆடியில இருந்து பாய் காஞ்சு கெடக்கே. காலையில கையி வச்சுப் பாத்து நான் அழுதுட்டேனே. அதுக்காக ஸ்தோத்திரம்."

கூம்பு ஸ்பீக்கர் அதை அப்படியே வாங்கி மேற்கே அனுப்பியது. வெளியே வேப்பமரத்தடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அய்யாவின் சிரிப்பும் அதில் இருந்தது. அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் எனக்கு அவர் சாகும்வரை முழுசாகப் போகவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பையன்கள் வாசலிலேயே நின்றிருந்தார்கள். "ஏய், பாய் காஞ்சுருச்சா?" என்று ஒருவன் கேட்பான். "ஸ்தோத்திரம்!" என்று மற்றவர்கள் கத்துவார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எனக்கு அதுதான் பெயர். கொடுமை என்னவென்றால், பெரிய வீட்டுப் பெண் மட்டும் கேலி செய்யவில்லை. பக்கத்தில் வந்து, எங்கம்மா உன்னயப் பாவம்னு சொன்னாக என்றாள். அதற்கு அந்தப் பையன்களே தேவலாம் என்று இருந்தது.

சாயங்காலம் அம்மா களத்திலிருந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன். அழுதேன், பானையை உதைத்தேன், வாய்க்கு வந்தபடி பேசினேன்.

"நல்லதத்தானத்தா சொன்னேன்?" என்றாள் அவள். உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை.

"எம்பேச்ச இனிமே அங்கன எடுக்கக் கூடாது. நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம். எடுத்த, கண்மாயில விழுந்து செத்துருவேன்."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. தலையில் இருந்த சும்மாட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சரித்தா. எடுக்கல."

"சத்தியம் பண்ணு."

"சத்தியமெல்லாம் பண்ணக் கூடாது. எடுக்கலன்னா எடுக்கல."

அடுத்த ஞாயிறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆடு வந்தது, அய்யாவின் இருமல் வந்தது, மேலத்தெரு அக்கா வந்தார். நான் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கொஞ்ச நாளில் கவனிப்பதையே விட்டுவிட்டேன். வருடங்கள் போகப்போக, பையன்கள் கத்தியது நினைவில் இருந்தது, அய்யா சிரித்தது இருந்தது, நான் பேசியது மட்டும் காணாமல் போய்விட்டது. நமக்கு மற்றவர்கள் செய்ததைத்தான் மனது பத்திரமாக வைத்துக்கொள்கிறது.

நான் மதுரைக்குப் போய் நர்ஸ் படிப்பு முடித்தேன். பாம்பனில் ரோட்டுப் பாலம் வந்த பிறகு, இராமேஸ்வரத்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. கல்யாணம், குழந்தைகள், தீவிலேயே வீடு. லீவில் ஊருக்குப் போகும்போது அம்மாவோடு கோயிலுக்குப் போவேன். அவள் சாட்சி மாறவில்லை. ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. சொல்லி முடித்ததும் உடனே உட்கார மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். அப்புறம் மெல்ல ஆமென் என்று சொல்லிவிட்டு உட்காருவாள். இன்னும் ஏதோ சொல்ல வந்து மறந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொள்வேன்.

நன்றி சொல்வதில் எனக்கு எவ்வளவு கூச்சமோ, வாங்குவதில் அவ்வளவு ஆசை. இதை இந்த வயதில்தான் ஒத்துக்கொள்ள முடிகிறது. ஆஸ்பத்திரி வேலையில் அதற்குக் குறைவே கிடையாது. பிரசவம் பார்த்த வீட்டிலிருந்து கையெடுத்துக் கும்பிடுவார்கள். கடலுக்குப் போகிறவர்கள் முதல் வலையில் கிடைத்த நண்டைப் பையில் போட்டு வீட்டு வாசலில் தொங்கவிட்டுப் போவார்கள். கோயிலுக்கு வந்த இடத்தில் மயங்கி விழுந்த ஒரு வடநாட்டுப் பாட்டி, பாஷை தெரியாமல் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லுவேன். யாராவது ஒன்றும் சொல்லாமல் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டால் அதையும் சொல்லுவேன், அதைத்தான் அதிக நேரம் சொல்லுவேன். என் வீட்டுக்காரர் ஒருநாள், உங்கம்மா கிடைச்சத எண்ணுறாக, நீ கிடைக்காதத எண்ணுற என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நாற்பது வயதில் எனக்குப் பிரஷர் மாத்திரை ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு அப்போதும் மாத்திரை எதுவும் கிடையாது. ராத்திரி படுக்கும்போது அன்றைய நாளுக்கான ஸ்தோத்திரத்தை வாய்க்குள் சொல்லுவாள், பாதியிலேயே குறட்டை வந்துவிடும்.

அய்யா போனபிறகு அம்மாவை என்னோடு வந்து இருக்கச் சொன்னேன். வரமாட்டேன் என்றாள். சரி என்று அங்கேயே செய்ய ஆரம்பித்தேன். கூரையைப் பிரித்துத் தளம் போட்டுக் கொடுத்தேன். மோட்டார் போட்டுக் குழாய் இழுத்தேன். இரண்டு கண்ணிலும் புரை விழுந்தபோது, லீவு போட்டு மதுரைக்கு அழைத்துப்போய் ஆபரேஷன் முடித்து, பச்சைக் கண்ணாடியோடு ஊரில் கொண்டுவந்து விட்டு, ஒரு வாரம் கூட இருந்துவிட்டுத் திரும்பினேன். கட்டு அவிழ்த்த அன்று அம்மா என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, எளைச்சுட்டியேத்தா என்றாள். அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை.

அந்த வருட அறுப்புப் பண்டிகைக்குக் குடும்பத்தோடு போனேன். எதற்காகப் போனேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். புதுப்பட்டு கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்வரிசைப் பாயில் உட்கார்ந்தேன். முள் எடுத்தவரை மறக்காதவள் கண்ணைக் கொடுத்தவளை மறப்பாளா? கூம்பு ஸ்பீக்கர் அதே வேப்பமரத்தில், அதே மேற்கைப் பார்த்து இருந்தது. இன்றைக்கு மேற்கே கேட்கட்டும் என்றே இருந்தது எனக்கு.

அம்மா மைக்கை வாங்கினாள். கண்மாய் நிறைந்ததற்கு ஸ்தோத்திரம். வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டதற்கு ஸ்தோத்திரம். "கண்ணு தெரியுது கர்த்தாவே. கையில உள்ள ரேக தெரியுது. அரிசியில கல்லு தெரியுது." நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஆப்ரேசன் பண்ணுன டாக்டரத் தந்தீரே, ஸ்தோத்திரம். வேளாவேளைக்குச் சொட்டு மருந்து ஊத்தி விட்டாளே பக்கத்து வீட்டு மருமக, அவளத் தந்தீரே, ஸ்தோத்திரம். படியில தடுமாறுனப்ப கையப் புடிச்சு எறக்கி விட்டாரே அந்தக் கண்டக்டரு, அவரு குடும்பம் நல்லாருக்கணும், ஸ்தோத்திரம்."

பிறகு நிறுத்தினாள். கண்ணை மூடினாள். நின்றாள். முன்பெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரம்தான் நிற்பாள். இப்போது நின்றுகொண்டே இருந்தாள். மைக்கில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. போதகர் தொண்டையைச் செருமினார். பின்னால் பெண்கள் குசுகுசுத்தார்கள். ஆமென் என்று சொல்லி உட்கார்ந்தாள்.

கண்டக்டருக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. அசனத்தில் இலையின் முன் உட்காரவே மனம் வரவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டு நான் தளம் போட்டுக் கொடுத்த வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டேன். படுத்துக்கொண்டே நர்ஸ் புத்தியில் யோசித்தேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நடுவில் நிற்கிறாள், முகம் வெறிச்சென்று ஆகிறது. இது மறதி நோயின் ஆரம்பம்தான். அப்படி நினைத்ததில் ஒரு நிம்மதிகூட இருந்தது. வியாதி என்றால் அவள்மேல் தப்பில்லை அல்லவா?

அம்மா ஒரு தூக்குவாளியில் சோறும் கறியும் வாங்கிக்கொண்டு வந்தாள். நான் எழுந்திருக்காமலே கேட்டேன்.

"ஏம்மா, இப்பல்லாம் அடிக்கடி மறந்து போகுதா? சாட்சி சொல்றப்ப பாதியில நின்னுர்ற?"

"மறதியா? எனக்கா?" சிரித்தாள்.

"பின்ன? கண்டக்டரெல்லாம் ஞாபகம் இருக்கு. உன்னய மதுரைக்குக் கூட்டிட்டுப் போனது யாருன்னு ஞாபகம் இல்ல." நாற்பத்தைந்து வயதில், பேரன் எடுக்கிற காலத்தில், பேர் சொல்லவில்லை என்று அழுதேன்.

அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். ஆபரேஷன் செய்த கண். எல்லாம் தெரிந்திருக்கும்.

"நீதானத்தா எம்பேச்ச அங்கன எடுக்கக் கூடாதுன்ன? கண்மாயில விழுந்துருவேன்ன?"

எனக்கு ஒரு நிமிடம் அவள் எதைச் சொல்கிறாள் என்றே விளங்கவில்லை. பிறகு பானை உருண்டது ஞாபகம் வந்தது. சும்மாட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தது ஞாபகம் வந்தது.

"அம்மா, அது சின்னப் பிள்ளையில சொன்னது."

"சொன்னேல்ல? நானும் எடுக்கலன்னேன்." அவளுக்கு அதில் கஷ்டமே இல்லை. ஒரு வேலையைச் சொன்னபடி செய்துகொண்டிருந்தவள் மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "அதுக்காக ஒன்னயச் சொல்லாம உக்காந்துற முடியுமா? எல்லாத்தையும் சொல்லிட்டு, கடைசியா ஒன்னோடத மனசுக்குள்ள சொல்லிக்கிருவேன். மொதல்ல பாய் காஞ்சதுதான் இருந்துச்சு. அப்பறம் நீ படிச்ச, வேல பாத்த, பிள்ள பெத்த, வீட்டக் கட்டுன, கண்ணக் குடுத்த. வருசத்துக்கு வருசம் கூடிக்கிட்டே போகுதுல்ல? அதான் நேரமாகுது. பாஸ்டர் ஐயா வேற செருமுறாரு."

அவளுடைய நன்றியிலேயே மிக நீளமான பகுதியை நான் வியாதி என்று முடிவுகட்டி வைத்திருந்தேன். மருந்துகூட யோசித்து வைத்திருந்தேன். தூக்குவாளியைத் திறந்து, தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கறியில் கிடந்த எலும்பை எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில், "இனிமே மைக்குலயே சொல்லும்மா" என்றேன்.

"வேணாம்த்தா," என்றாள். "பழகிப் போச்சு. மைக்குன்னா சீக்கிரம் முடிக்கச் சொல்லுவாக."

அடுத்த வருடம் பண்டிகைக்குத் தனியாகப் போனேன். சாதாரண நூல் சேலை, பின்வரிசைப் பாய், அம்மா பக்கத்தில். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். என் வாழ்நாளில் நான் சாட்சி சொன்னதே இல்லை. அன்றைக்கு எழுந்தேன். மைக் கைமாறிக் கைமாறிப் பின்னால் வந்தது.

நான் சின்னப் பிள்ளையில், என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். வாய் திறந்தால் அந்தப் பாய் வரவேண்டும், வாய்க்கால் வரவேண்டும். ஸ்பீக்கர் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிறது. கத்திய பையன்களுக்கு இப்போது தலை நரைத்திருக்கும். ஒருத்தனாவது வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். அந்த வயதிலும் என் காது மடல் எரிந்தது. எத்தனையோ பேருடைய மலமும் மூத்திரமும் அள்ளியவள் நான், என்னுடைய ஒரு பாயை என்னால் சொல்ல முடியவில்லை.

"எல்லாத்துக்காகவும் ஸ்தோத்திரம்," என்றேன்.

அம்மா அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் பிடிக்காத அந்த வார்த்தையையே சொல்லிவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது. உட்காரலாம் என்று பார்த்தால் முட்டி மடங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றேன். மனதுக்குள் முதலிலிருந்து ஆரம்பித்தேன். விடியாத இருட்டு. என்னைக் காய்ந்த இடத்துக்குத் தள்ளிப் படுக்கவைக்கும் கை. பாயைச் சுருட்டும் சத்தம். மார்கழிக் குளிரில் வாய்க்கால் தண்ணீர் எப்படி இருந்திருக்கும்?

போதகர் தொண்டையைச் செருமினார். எனக்குப் பின்னால் ஒரு பெண், "ஆத்தாளுக்கு வந்த மறதி மகளுக்கும் வந்துருச்சு போல," என்றாள்.

அம்மா பாயை அலசியது வரைக்கும்தான் நான் வந்திருந்தேன்.